சாலைக்கு எதிர்ப்பக்கம்

விஸ்கான்சின் நீதிமன்றம் புது வரைபடத்தை ஒப்புக்கொண்ட அன்று
மார்லிஸ் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
ஈரவிரல்களால் கைப்பேசியைத் துடைத்துத் துடைத்து
மாவட்டத்தைப் பெரிதாக்கினாள், பிறகு எங்கள் சாலையை,
பிறகு எங்கள் தபால்பெட்டியை.
கோடு தபால்பெட்டிக்கும் தாருக்கும் நடுவே போனது.
"நம்மைத் தூக்கி அந்தப்பக்கம் போட்டுவிட்டார்கள்" என்றாள்.
எனக்கோ நாங்கள் எப்போதும்போல
இந்தப்பக்கம்தான் இருப்பதாகத் தோன்றியது.

எட்டு வருடம் அவள் சட்டமன்றத்தில்.
எந்தப் பாலம் எந்த மார்ச்சில் முழுகும்,
யார் வீட்டு வாசலில் குனியாமல் நின்றால் நாய் கடிக்கும்,
எல்லாம் தெரியும்.
அந்தப் பாலமும் அந்த நாயும் இன்னும் அவள் தொகுதியில்.
அவள் தூங்குகிற கட்டில் மட்டும் வெளியே.
அண்ணன் தம்பி இல்லாத வீட்டில்
ஒரு பாகப்பிரிவினை.

நிற்கும் தொகுதியில் குடியிருக்க வேண்டுமாம்.
ஜூனில் வீடு மாறினாள்:
அறுபத்துநான்கு தப்படி.
எதிர்வீட்டு நியா யாங்,
ஜின்செங் வேர் காயவைக்கும் கொட்டகைக்கு மேல்
ஓர் அறையை வாடகைக்குத் தந்தார்.
அவர் முற்றத்தில் அவளுக்கு எதிராக நிற்பவரின் பலகை.
பிடுங்கவில்லை. "வாடகை வேறு, ஓட்டு வேறு" என்றார்,
ரசீதும் கொடுத்தார்.

முதலில் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துபோனாள்.
பிறகு ஒரு சாம்பல்நிறக் கார்
சோளக்கொல்லை ஓரம் நிற்கத் தொடங்கியது.
அவள் எங்கே பல் துலக்குகிறாள் என்பது
ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் ஏறியது.
அதன்பின் தட்டை மூடி நானே எடுத்துப்போனேன்,
சாலையைக் கடக்கும்போது
இரண்டு பக்கமும் பார்த்து.

ஓட்டிஸுக்கு மட்டும் தடையில்லை.
கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் காலைத் தூக்கினான்.
இரண்டு கட்சியும் ஆட்சேபிக்கவில்லை.

அக்டோபரில் வேர் தோண்டினார்கள்.
அவள் சட்டையிலெல்லாம் கசப்பு மண்ணின் வாசம்.
"இருபதாவது கதவில் அழத் தோன்றியது,
ஆனால் திறந்தவருக்கு என் பெயர் தெரிந்திருந்தது" என்றாள்.
நான் தொட்டியில் தண்ணீர் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

தேர்தலன்று அவள் தெற்கே பள்ளிக்கூடத்துக்கு,
நான் வடக்கே தீயணைப்பு நிலையத்துக்கு.
என் சீட்டில் இரண்டு பெயர்.
ஒருவர் பல் மருத்துவர்.
இன்னொருத்தியைத் துண்டறிக்கையில் பார்த்திருக்கிறேன்,
யாருடைய ஆட்டுக்குட்டியையோ தூக்கிக்கொண்டு.
பேனாவின் சங்கிலி கட்டையாக இருந்தது.
பின்னால் யாரோ இருமினார்கள்.
ஒரு வட்டத்தை நிரப்பினேன்.

மாலையில் சாலையோரம் கேட்டாள், யாருக்கு என்று.
முப்பத்தோரு வருடத்தில்
அவள் கேட்கத் தேவையில்லாமல் இருந்தது.
முதல்முறையாக என் ஓட்டு ரகசியம்.
"பல் டாக்டருக்கா?" என்றாள்.
தட்டை நீட்டினேன். சிரிக்கவில்லை, இருவரும்.

பதினொரு மணிக்கு நாற்பத்தேழு ஓட்டு பின்னால்.
ஆற்றங்கரை ஊரின் கணக்கு மட்டும் வரவில்லை,
அங்கே இயந்திரம் சீட்டை மெல்லுகிறதாம்.
கொட்டகை மேல் விளக்கு எரிந்தது.
கீழே நியாவின் சமையலறையிலும் எரிந்தது.
அவர் யாருக்குப் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை,
சூப் கொண்டுபோய்க் கொடுத்தார் என்று மட்டும் தெரியும்.

பன்னிரண்டுக்குத் தொலைபேசி.
ஜெயித்தாளா என்று கேட்க வாயெடுத்தேன்.
"ஓட்டிஸ் சாப்பிட்டானா?"
"உன்னிடம்தானே இருக்கிறான்?"
"இல்லையே."

கதவைத் திறந்தேன். அங்கேயும் ஒரு கதவு திறந்தது.
இரண்டு டார்ச் வெளிச்சம், நடுவில் வெறும் தார்.
அவள் அந்தப்பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்,
நான் இந்தப்பக்கத்திலிருந்து.
எங்கோ சோளத்தட்டைக்குள் சரசரப்பு.
இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டோம்.